கிளாஸ்கோவுல வெயில் – கடிதமும் பதிலும்

அண்ணாச்சிக்கு வணக்கம்,

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். செப்டம்பர்ல இருந்து ஸ்காட்லாந்துல கிளாஸ்கோவுல மாஸ்டர்ஸ் படிக்கேன். டிசம்பர், ஜனவரியில நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிரும், ரூமுக்கு வந்து படுத்தா எந்திரிக்கவே தோணாது, அசைன்மென்ட் எல்லாம் கடைசி நாள்லதான் முடிச்சேன். இப்ப ஏப்ரல்ல திடீர்னு நல்ல வெயில். லைப்ரரிக்குக் கிளம்பினவன் கெல்வின்குரோவ் பார்க் புல்லுல உக்காந்தேன், சாயந்தரம் வரைக்கும் அங்கேயேதான். மாசக்கணக்கா இல்லாத சந்தோஷம். ராத்திரி ஒரே குத்த உணர்ச்சி, அப்பா லோன் போட்டு அனுப்பியிருக்காங்க, நான் இங்க வெயில் காயுதேன். வெயில் வந்தா சிரிக்கதும் போனா சுருண்டு படுக்கதும்னா என் மனசு அவ்வளவு பலவீனமா? ஜூன்ல டெசர்டேஷன் (ஆய்வுக் கட்டுரை) வேற.

(பேர் போட வேண்டாம்)

தம்பி,

பலவீனம்லாம் ஒண்ணும் இல்ல. நம்ம ஊர்ல மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். கிளாஸ்கோ கிட்டத்தட்ட 56 டிகிரி வடக்கே இருக்கு, டிசம்பர் கடைசியில பகல் 7 மணி நேரம், அதுலயும் பாதி நாள் மேகம். பிறந்ததுல இருந்து ஒரே அளவு வெளிச்சத்துல பழகின உடம்பு அங்க போயி தடுமாறாம இருந்தாத்தான் ஆச்சரியம். கண்ணுக்குள்ள வெளிச்சம் எவ்வளவு இருக்குன்னு மட்டும் மூளைக்குச் சொல்லுத செல்கள் இருக்கு, காலையில வெளிச்சம் சரியா படலன்னா தூக்கம், பசி, மனசு எல்லாமே தாளம் தப்பும். 1984ல இந்தக் குளிர்காலச் சோர்வை ஒரு நோயா எழுதி வச்ச நார்மன் ரோசந்தாலே தென்னாப்பிரிக்கால இருந்து நியூயார்க்குக்குப் போன டாக்டர்தான், முதல்ல தன் உடம்புலதான் அதைக் கவனிச்சார். வெயில் நாட்டுல இருந்து போனவருக்குத்தான் அது பளிச்சுனு தெரிஞ்சிருக்கு பாருங்க.

நம்மூர்ல நல்ல க்ளைமேட்னா வெயிலா? பாளையங்கோட்டை சித்திரை வெயில்ல வெளியில தலை காட்ட முடியாது. தென்காசிப் பக்கம் சாரல் ஆரம்பிச்சு மப்பும் மந்தாரமுமா காத்து அடிச்சா நமக்கு மனசு துள்ளும்லா, குத்தாலத்துக்கு வண்டியை எடுத்துருவோம், அன்னைக்கு வேலை கெட்டுப்போச்சேன்னு எவனும் அழுததா நான் கேள்விப்பட்டதில்ல. அங்க உங்களுக்கு அது வெயிலா வந்திருக்கு. பார்க்ல உக்காந்த ஒரு பகல் உங்க படிப்பைக் கெடுக்கல, ஜனவரியில கட்டில்ல போன பகலுங்கதான் கெடுத்துச்சு, அதுவும் நீங்க வேணும்னு செஞ்சதில்ல. அப்பாகிட்ட ரெண்டையும் சொல்லுங்க, மறைக்கதுக்கு இதுல என்ன இருக்கு.

டெசர்டேஷனுக்குப் பயப்படாதீங்க, உங்களுக்கு அதுதான் நல்ல காலம். ஜூன்ல பகல் பதினேழரை மணி நேரம், படிக்க வேண்டியதை பிரின்ட் எடுத்துட்டுப் போயி புல்லுல உக்காந்து படிங்க. ஒண்ணே ஒண்ணு, அங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், காலையில நாலரைக்கே விடிஞ்சிரும், ஜன்னலுக்குக் கனமான திரை போட்டுருங்க, தூக்கம் கெட்டா இந்தச் சந்தோஷமும் கூடவே போயிரும்.

அடுத்த குளிர்காலமும் அங்கதான்னா அக்டோபர்லயே ஆரம்பிச்சிரணும். ரூம் லைட்டு சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ்ங்கது வெளிச்சத்தோட அளவு), மேகம் போட்ட பகல்லகூட வெளியில அதைவிடப் பல மடங்கு இருக்கும், அதனால காலையில அரை மணி நேரம் நடக்கதை விடாதீங்க. இதுக்குன்னே 10,000 லக்ஸ் விளக்கு விக்காங்க, காலையில அதுக்கு முன்னால உக்காருதவங்க உண்டு. குளிர்காலத்துல தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கச் சொல்லி அந்த ஊர் அரசாங்கமே சொல்லுது, நம்ம மாதிரி கருத்த தோலுக்கு வருஷம் பூரா எடுத்துக்கிட்டாலும் நல்லதுங்காங்க. பொட்டானிக் கார்டன்ல கிப்பிள் பேலஸ்னு பெரிய கண்ணாடி மண்டபம், உள்ள மரம் மாதிரி வளந்த பெரணிச் செடிங்க, டிக்கெட் கிடையாது, பச்சையைப் பாக்கணும்போல இருந்தா அங்க போயி உக்காருங்க.

நல்லா வெயில் அடிச்சும் மனசு எழும்பல, சாப்பாடு இறங்கல, இருந்து என்ன பண்ணன்னு தோணுதுன்னா அது வெறும் க்ளைமேட் விஷயம் இல்ல. யுனிவர்சிட்டி கவுன்சிலிங்குக்குப் போங்க, ஜிபிகிட்டயும் (அங்க குடும்ப டாக்டரை அப்படித்தான் சொல்லுவாங்க) போங்க. விசாவோட ஹெல்த் சர்சார்ஜ் கட்டியிருப்பீங்க, டாக்டரைப் பாக்க தனியா காசு வாங்க மாட்டாங்க. இன்னும் ஜிபிகிட்ட பேர் பதியலன்னா இந்த வாரமே பதிஞ்சிருங்க, ரொம்ப முடியாம இருக்க அன்னைக்கு ஃபார்ம் நிரப்ப உக்கார முடியாது.