லண்டனில் எழுதிப் பிழைக்க வந்திருக்கும் தம்பிக்கு

இதழியல் படிக்க லண்டன் வந்து மூன்று வாரமே ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: உணவு, இசை இரண்டையும் பற்றிப் பத்திரிகைகளில் எழுதியே இங்கே பிழைக்க முடியுமா, எந்தக் கேமரா வாங்கலாம், அறை எந்தப் பக்கம் பார்க்கலாம் என்று. அறையும் கேமராவும் மற்றவர்கள் சொல்வார்கள். முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். 2008-ல் இதே ஆசையோடு வந்து இறங்கியவன் நான்.

முதலில் விசா. நீங்கள் வந்திருப்பது மாணவர் விசாவில். படிப்பு நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம், சுயதொழில் கூடாது. கட்டுரைக்கு இவ்வளவு என்று காசு வாங்கி எழுதுவதும் சுயதொழில்தான். சின்னக் கட்டுரைதானே என்று இன்வாய்ஸ் அனுப்பிவிடாதீர்கள். படிப்பு முடிந்து கிராஜுவேட் விசா கிடைத்ததும் தாராளமாக எழுதலாம். "கையில் காசாக வாங்கிக்கோ, யாருக்குத் தெரியும்?" என்று சொல்ல நம் ஆட்களே நாலு பேர் வருவார்கள். நாளைக்கு உங்கள் விசா போனால் அதில் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார். நான் நர்ஸாக வந்த மனைவியின் விசாவில் வந்தேன், அதனால்தான் வந்த வருடமே எழுத முடிந்தது.

நிரந்தர வேலையை நம்பியும் உட்கார முடியாது. 1952 முதல் வந்த இசை இதழ் என்எம்இ 2018-ல் வாராந்திர அச்சை நிறுத்தியது. க்யூ என்ற இன்னொரு இசை இதழ் 2020-ல் போனது. ஊரில் எங்கே என்ன சாப்பிடலாம், பார்க்கலாம் என்று எழுதும் டைம் அவுட் லண்டன் 2022-ல் அச்சை விட்டது. மிச்சமிருப்பது பெரும்பாலும் கட்டுரைக் கணக்கு வேலைதான்.

அப்புறம் காசு. என் முதல் கட்டுரைக்கு 120 பவுண்டு. கைக்கு வர ஏழு மாதம் ஆனது. கொடுத்ததும் பணமா, அச்சில் வந்த பிறகா என்று நான் கேட்கவே இல்லை. நீங்கள் எழுத ஆரம்பிக்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் வாங்கிவிடுங்கள். தேதி எதுவும் பேசவில்லை என்றால் 30 நாள்தான் கெடு. அதைத் தாண்டினால், தாமதமாகப் பணம் தருவதற்கு எதிரான 1998 சட்டப்படி பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டி விகிதத்துக்கு மேல் 8 சதவீதம் வட்டி கேட்கலாம். கேட்டால் வாய்ப்பு போய்விடும் என்று பயந்து பல வருடம் சும்மா இருந்தேன். கேட்க ஆரம்பித்த பிறகுதான் மரியாதையே வந்தது.

உரிமையையும் பாருங்கள். நீங்கள் சம்பள ஊழியர் இல்லையென்றால், உரிமையை எழுதிக் கொடுக்காத வரை கட்டுரை உங்களுடையது. 'எல்லா உரிமையும் எங்களுக்கே' என்ற வரிக்குக் கீழே அவசரத்தில் கையெழுத்துப் போட்டு, மூன்று நல்ல கட்டுரைகளை இழந்தவன் நான்.

நம் சமூகத்திலும் ஒரு வலை உண்டு. மகள் அரங்கேற்றத்துக்கும் புது ஓட்டல் திறப்புக்கும் கூப்பிடுவார்கள், வயிறு நிறையச் சாப்பாடு போடுவார்கள். மறுநாள் "ஒரு பக்கம் நல்லா எழுதிடுங்க" என்று போன் வரும். மிருதங்கம் தாளத்தை முந்தி ஓடியது என்று ஒருமுறை எழுதினேன்; அந்தக் குடும்பம் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. பரவாயில்லை. சாப்பிட்டதற்குக் காசு கொடுத்துவிட்டு எழுதுங்கள்.

யாரைப் பற்றி எழுதுவது என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். நான் கற்றுக்கொண்டது ஈஸ்ட் ஹாமில் ஒரு கொத்து ரொட்டிக் கடையின் பின்கட்டில், இரவு நேரம் வெங்காயம் நறுக்கியபோது. அங்கே கொத்துப் போட்டவர் யாழ்ப்பாணத்து அளவெட்டிக்காரர், தவில் மேதை தெட்சிணாமூர்த்தி வாழ்ந்த ஊர். சின்ன வயதில் தவில் படித்தவர், போரில் எல்லாம் விட்டுப்போனது. கூட்டம் குறைந்ததும் இரண்டு இரும்புத் தகடுகளையும் கல்லில் தட்டுவார்: தகிட தகதிமி, தகிட தகதிமி. ரொட்டி துண்டாகும், முட்டை சிதறும், மூன்றும் நாலுமாக ஏழின் கணக்கு மட்டும் பிசகாது. ஒருநாள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு அங்கே கிடந்த அட்டைப் பெட்டி மேலேயே குறிப்பு எழுதினேன். அதுதான் அந்த 120 பவுண்டுக் கட்டுரை.

பத்திரிகை வந்த அன்று கொண்டுபோய் நீட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு, வெளிச்சத்துக்குப் பக்கத்தில் போய் இரண்டு தரம் பார்த்தார். "என்ர பேர் எங்கை?" என்றார். பத்திரிகை ஆசிரியர் அதை 'ஒரு சமையல்காரர்' என்று மாற்றியிருந்தார், அளவெட்டியையும் வெட்டியிருந்தார். அச்சுக்குப் போகும் முன் எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் அவர் பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுத்தேன். கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவைத்தார். கடை கைமாறும் வரை அது அங்கேயே இருந்தது.