பகல் கனவும் உப்புக் கரித்த டீயும்

அன்புள்ள அக்காவுக்கு,

மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் எடை போட்டுச் சீட்டு எழுதும் வேலை பார்க்கிறேன். பெயர் போட வேண்டாம், கம்பெனியில் தெரிந்தால் ஓட்டுவார்கள்.

என் பிரச்சினை பகல் கனவு. கை பாட்டுக்குக் கூடையைத் தராசில் ஏற்றி இறக்கும், மனசு எங்கோ போய்விடும். போன வாரம் 68 கிலோவை 86 என்று எழுதிவிட்டேன். முதலாளி எல்லார் முன்னாலும், "கவிஞரே, கொஞ்சம் தரைக்கு வாங்க" என்றார். பகல் கனவு பலிக்காதுடா என்று வீட்டில் அம்மாவும் ஒரே பாட்டு.

அடிக்கடி வரும் கனவு ஒன்றைச் சொல்கிறேன். பாம்பன் பாலத்தின் நடுவில் ரயில் நின்றுவிடுகிறது. கப்பல் போவதற்காகப் பாலத்தை ரயிலோடு சேர்த்தே தூக்கிவிட்டார்கள், எப்படி என்று தெரியாது. சுற்றிலும் கடல், மேலே நிலா. நான் எழுந்து நின்று கவிதை சொல்கிறேன், பெட்டி முழுக்கக் கைதட்டுகிறது. செத்துப்போன எங்கள் அப்பத்தா அந்தப் பெட்டியில் டீ விற்றுக்கொண்டு வருகிறது. வாங்கிக் குடித்தால் உப்புக் கரிக்கிறது. என்ன அப்பத்தா இப்படி இருக்கு என்றால், "இங்க இதுதான், குடி" என்கிறது. அது சிரிப்பாக இருக்கும், அதை விடுங்கள்.

எழுத உட்கார்ந்தால் எல்லாம் போய்விடுகிறது. எழுதியவரை இணைத்திருக்கிறேன். பகல் கனவிலிருந்து கவிதை வருமா, இல்லை இது வெறும் சோம்பேறித்தனமா? ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் வேலை குறையும், அப்போது முழு மூச்சாக எழுதலாம் என்றிருக்கிறேன். பேசாமல் வேலையை விட்டுவிடலாமா என்றும் ஓர் எண்ணம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் கவிதையைப் பார்த்துவிடலாம். நீங்கள் அனுப்பியதன் தொடக்கம் இது:

நிலவே உன் மௌனம்
நீலக் கடலின் ராகம்
நிலவில்லா இரவில்
நானொரு தனிமைத் தீவு

எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கே போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இதில் பாம்பன் எங்கே, ரயில் எங்கே, அப்பத்தா எங்கே? இந்த நான்கு வரியைக் கன்னியாகுமரியில் இருப்பவர் எழுதலாம், கடலையே பார்க்காத ஒருவர் ஓசூரில் உட்கார்ந்துகொண்டும் எழுதலாம். கடிதத்தில் அவ்வளவு ருசியாக ஒரு கனவைச் சொல்லிவிட்டு, கவிதை என்றதும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறீர்கள். "அதை விடுங்கள்" என்று எதைத் தள்ளினீர்களோ அதில்தான் கவிதை இருக்கிறது. அந்த டீயில்.

ஏன் என்று சொல்கிறேன். பகல் கனவில் நாம் சொன்னபடி எல்லாம் நடக்கும். ரயில் நில் என்றால் நிற்கும், நிலா வா என்றால் வரும், பெட்டி முழுக்கக் கைதட்டும். மனசை ஆராய்ந்த ஃபிராய்டு 1907 டிசம்பரில் வியன்னாவில் ஓர் உரை நிகழ்த்தினார், அடுத்த வருடம் அச்சில் வந்தது, எழுத்தாளர்களும் பகல் கனவும் என்பதுதான் பொருள். பகல் கனவிலும் மலிவான கதைகளிலும் ஒரே நாயகன்தான், அவன் பெயர் 'நான்', அவனுக்கு எதுவும் ஆகாது என்கிறார். ஒருவர் தன் பகல் கனவை அப்படியே நம்மிடம் சொன்னால் நமக்கு அதில் ஒரு சுகமும் இருக்காது, சலிப்போ விலகலோதான் வரும் என்றும் சொல்கிறார். ஃபிராய்டு சொன்ன எல்லாவற்றுக்கும் நான் தலையாட்ட மாட்டேன், ஆனால் இது சரி. உங்கள் கனவில் கைதட்டும் இடம் வந்தபோது நான் கொட்டாவிதான் விட்டேன். அப்பத்தா வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஏனென்றால் அந்த டீ உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. கனவு உங்களுடையது, டீயை இனிப்பாக வைத்துக்கொள்ள யார் தடுத்தார்கள்? ஆனாலும் கரிக்கிறது. கேட்டால் அப்பத்தா சமாதானம்கூடச் சொல்லவில்லை, இங்க இதுதான் குடி என்கிறது. ஊற்றுத் தண்ணீர் கரித்து, குடம் குடமாக விலைக்கு வாங்கிக் குடிக்கிற நம் பக்கத்து வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு பதிலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதை நீங்கள் யோசித்து வைக்கவில்லை, அதுவாக வந்தது. கனவு நம் சொல்லை மீறுகிற இடம் என்று ஒன்று இருக்கிறது, அங்கிருந்து எழுதத் தொடங்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி.

பாரதியைப் பாருங்கள். குயில் பாட்டின் தொடக்கத்திலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார், "பட்டப் பகலிலே பாவலர்க்குத் தோன்றுவதாம் நெட்டைக் கனவின் நிகழ்ச்சியிலே" கண்டதுதான் இது என்று. புதுச்சேரிக்கு மேற்கே ஒரு மாஞ்சோலை, அங்கே ஒரு குயில் பாடுகிறது, அவரிடம் காதல் சொல்கிறது. இதுவரை உங்கள் கைதட்டல் மாதிரிதான், நாயகனுக்கு எல்லாம் கிடைக்கிற கனவு. அப்புறம் என்ன ஆகிறது? அந்தக் குயில் அதே காதல் பேச்சை ஒரு குரங்கிடம் பேசிக்கொண்டிருக்கிறது. பிறகு ஒரு மாட்டிடம்! கனவு கண்டவருக்கே இந்த அவமானம். பாட்டுக்கு உயிர் வருவது அங்கேதான், அந்தப் பொறாமையில், குரங்கின் வாலைக் குயில் புகழ்கிற அந்தக் கூத்தில். கடைசியில் கண் விழித்தால் சுற்றிலும் இருப்பவை பண்டைச் சுவடி, எழுதுகோல், பத்திரிகைக் கூட்டம், பழம்பாய். பழம்பாயை அவர் விடவில்லை, கவனியுங்கள்.

நம் நெய்தலிலேயே ஒன்று சொல்கிறேன், நற்றிணை 172. விளையாட்டாக மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைத்துவிடுகிறது, நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். உங்களைவிட இதுதான் சிறந்தது, இது உங்கள் உடன்பிறந்தவள் என்று அம்மா சொல்லிவிடுகிறாள். மரத்தை உடன்பிறப்பு என்று நினைப்பது யாருக்கும் வரக்கூடிய கற்பனைதான், நன்றாகத்தான் இருக்கிறது, அதோடு நின்றிருந்தால் மறந்திருப்போம். ஆனால் அந்தப் பெண்ணின் தோழி காதலனிடம் சொல்கிறாள்: இந்த மரத்தடியில் உங்களோடு சிரித்துப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. வீட்டில் கட்டிய கற்பனை காதலுக்கே குறுக்கே வந்து நிற்கிறது.

எங்கள் சின்னம்மா பாசி எடுக்கப் போகிறவர். பாம்பன் பக்கம் பார்த்திருப்பீர்கள், விரல் விரலாகத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையோடு முங்குவார்கள். பாறையை ஒட்டி இருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கிறபோது துணி இல்லாத இடமெல்லாம் கிழிந்துவிடும். தண்ணிக்குள்ள என்னத்த நெனைப்பீங்க என்று ஒரு நாள் கேட்டேன். "வீடு கட்டுவேன்" என்றார். கையில் காசு இல்லாத வீடு, ஒவ்வொரு முங்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறார். அடுப்படிக்கு ஜன்னல் வைப்பதுதான் அவருக்குத் தகராறு. "எந்தப் பக்கம் வச்சாலும் மணலு வந்து சட்டியில விழுது" என்றார், நிஜமாகவே அலுத்துக்கொண்டு. இல்லாத வீட்டின் ஜன்னல் வழியாக மணல் விழுகிறது! அவர் கவிதை எழுதுவதில்லை, எழுதத் தெரியாது. ஆனால் எங்களில் பலரைவிட அவருடைய கனவு சுத்தமான சரக்கு.

சரி, உங்கள் கனவுக்கு வருகிறேன். ரயிலோடு சேர்த்து எப்படித் தூக்கினார்கள் என்று தெரியாது என்கிறீர்கள். தெரிந்துகொள்ளுங்கள், அங்கே நிறைய இருக்கிறது. உங்கள் கனவில் வருவது எந்தப் பாலம்? 1914-இல் திறந்த பழைய பாலம் என்றால் அது ஓடிய காலத்தில் நடுவில் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் நிமிர்ந்துகொண்டது, ஆட்கள் கையால் சுற்றித் திறந்தார்கள். அதன் மேல் ரயில் நின்றால் பெட்டி சாயும், அப்பத்தாவின் கேத்தல் உருளும், ஒரு சொட்டு டீ மிஞ்சாது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் என்றால் நடுவில் உள்ள 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே மட்டமாக, 17 மீட்டர் வரை நேரே மேலே போகும். ஒரு தளும்பல் இல்லாமல் அப்பத்தா டீ ஊற்றலாம். அப்பத்தா எந்த வருடம் தவறியது என்று நீங்கள் எழுதவில்லை. பாலம் திறப்பதற்கு முன்பே என்றால், தான் உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட ஏறாத பாலத்தில் நின்று அது டீ விற்கிறது. இதைவிட என்ன வேண்டும் உங்களுக்கு? நிலாவை விட்டுவிடலாம் தம்பி, அது இல்லாமல் பாலம் இன்னும் உயரமாகத் தெரியும்.

(பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறிவிடும். காற்று இறங்கும்வரை ரயில் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. எவ்வளவு பேர் அந்த ஜன்னல்களில் தலை சாய்த்து எதையெதையோ நினைத்திருப்பார்கள். சும்மா சொன்னேன், இதையும் கவிதையில் சேர்த்துவிடாதீர்கள்.)

சோம்பேறித்தனமா என்று கேட்டிருந்தீர்கள். 2010-இல் 2250 பேரிடம் கைபேசி வழியாக அவ்வப்போது கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி, 46.9 சதவீதம், மனசு செய்கிற வேலையில் இல்லை என்று வந்தது. ஆக, உங்கள் முதலாளியும் அப்படித்தான், அவர் எதை நினைக்கிறார் என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். அலைகிற மனசு சந்தோஷமாக இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது, அது வேறு கதை. 2012-இல் இன்னொன்று: ஒரு பொருளுக்கு வேறு என்னென்ன பயன் என்று யோசிக்கச் சொல்லி, நடுவில் சிலருக்குக் கடினமான வேலை, சிலருக்கு லேசான வேலை, சிலருக்கு ஓய்வு என்று கொடுத்துப் பார்த்தார்கள். லேசான வேலை செய்தவர்கள்தான், திரும்ப அதே கேள்விக்கு வந்தபோது, சும்மா இருந்தவர்களைவிடவும் நன்றாகச் செய்தார்கள். பின்னால் இதையே செய்து பார்த்த வேறு சிலருக்கு இந்த முடிவு கிடைக்கவில்லை, அதனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பாசி எடுக்கிற சின்னம்மாவையும் கூடை தூக்குகிற உங்களையும் பார்க்கும்போது எனக்கு இது பொருந்திவருகிறது. கைக்கு வேலை இருக்க வேண்டும், தலைக்கு அதிகம் இருக்கக் கூடாது.

அதனால் வேலையை விடாதீர்கள். கனவு வருவதே அந்தக் கூடையைத் தூக்குகிறபோதுதான். சீட்டில் எண் எழுதும்போது மட்டும் இங்கே இருந்தால் போதும், 86 கிலோ என்று எழுதினால் யாரோ ஒருவர் கையிலிருந்துதான் அந்த 18 கிலோவுக்குப் பணம் போகிறது. முதலாளி சொன்ன விதம் சரியில்லை, சொன்ன விஷயம் சரி.

தடைக்காலக் கணக்கும் எனக்கு நம்பிக்கை தரவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகு கரையில் கிடக்கிற அந்த 61 நாளில் நம் ஊரில் யாராவது கனவு கண்டு பார்த்திருக்கிறீர்களா? வட்டி, ரேஷன், பள்ளிக்கூடம் திறந்தால் பீஸ், மனசு இதையேதான் சுற்றிவரும். நேரம் கிடைக்கும், உண்மைதான். அந்த நேரத்தைத் திருத்துவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கனவு வருகிறபோதே கவிதையாக எழுதப் பார்க்கவும் வேண்டாம், உடனே நிலவே கடலே என்று அலங்காரம் வந்துவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எனக்கு எழுதிய மாதிரி ஒரு கடிதமாக எழுதி வையுங்கள், சிரிப்பாக இருப்பதை முதலில் எழுதுங்கள், கைதட்டலைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம். கொஞ்ச நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் எதை வைப்பது, எதை வெட்டுவது என்று அதுவே காட்டும்.

அம்மாவிடம் ஒன்றும் வாதாட வேண்டாம். அப்பத்தா டீ போடுவதற்கு எந்தத் தண்ணீரைப் பயன்படுத்தியது, எங்கிருந்து தூக்கிவந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். உங்கள் கவிதையில் உள்ள ஒற்றுப் பிழைகளைக் குறித்துத் தனியாக மெயிலில் அனுப்பியிருக்கிறேன், கொஞ்சம் அதிகம்தான், பயப்படாதீர்கள். படகு மறுபடி இறங்குவதற்குள் அடுத்ததை அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா