மூன்று குரல்களில் ஒரு வாத்தியக் குழு

கேள்வி: மூன்றே பாடகர்கள் ஒரு முழு ஜாஸ் வாத்தியக் குழுவைப் போல ஒலிக்கும் இசைத்தட்டு உண்டாமே, அது எப்படிச் சாத்தியமாயிற்று?

பதில்: டேவ் லாம்பர்ட், ஜான் ஹெண்ட்ரிக்ஸ், ஆனி ராஸ் ஆகிய மூவரும் 1957இல் நியூயார்க்கில் பதிவு செய்த ‘சிங் எ சாங் ஆஃப் பேஸி’யைத்தான் குறிப்பிடுகிறீர்கள். ஜாஸ் இசைக்கலைஞர் கவுண்ட் பேஸியின் வாத்தியக் குழு வாசித்த டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் பகுதிகளுக்கு, தனி வாசிப்புகள் உட்பட, ஹெண்ட்ரிக்ஸ் சொற்கள் எழுதினார். முதலில் அமர்த்திய பாடகர்களுக்கு ஜாஸுக்கே உரிய தாள அசைவு கைவராததால், மூவரும் தங்கள் குரல்களையே ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை பதிவு செய்து எல்லாப் பகுதிகளையும் நிரப்பினார்கள். டிரம்பெட்டின் உச்சஸ்தாயியை ஆனி ராஸ் எட்டிப் பிடிக்கும் இடங்கள் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்க வைப்பவை. அடுத்து, மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் என்ற பாடகர் குழுவின் ‘வோக்கலீஸ்’ (1985) இசைத்தட்டைக் கேளுங்கள். அதற்கும் சொற்கள் ஹெண்ட்ரிக்ஸுடையவையே.