தோழி ஜெயித்தால் மகள் முகம் வாடுகிறது

கேள்வி: ஓவியப் போட்டியில் தோழி முதல் பரிசு வாங்கியதிலிருந்து, நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் அவளோடு பேசுவதில்லை. எப்படித் திருத்துவது?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: திருத்த இதில் குற்றம் ஏதுமில்லை, ஏமாற்றம், அவ்வளவுதான். முதல் நாள் அறிவுரை வேண்டாம். "வருத்தமா இருக்கா?" என்று மட்டும் கேட்டு, சொல்லி முடிக்க விடுங்கள். இரண்டு நாள் கழித்து, தோழியின் படத்தில் தனக்குப் பிடித்த ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வெறும் "சூப்பர்" எடுபடாது, "அலைக்குப் போட்ட பச்சையை எப்படிக் கலந்தே?" என்று கேட்டால் பேச்சு தானாக வளரும். எல்லார் முன்னிலும் கைகுலுக்க வற்புறுத்தினால் பாராட்டு நடிப்பாகிவிடும், கசப்பு உள்ளேயே தங்கும்.

பெரும்பாலும் பிசகுவது வீட்டில்தான். "அவளைப் பார்த்துக் கத்துக்கோ" என்ற ஒரு வரி போதும், தோழி எதிரியாகிவிடுவாள். ஒப்பிட்டே தீரவேண்டுமென்றால் மகளின் போன மாதப் படத்தோடு ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டில் புது வண்டி வந்தால் நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்பதும் அவள் காதில் விழுகிறது.