கை பீடி சுற்றட்டும், வாய் பிள்ளையோடு பேசட்டும்

கேள்வி: அக்கா, எனக்கு முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் கேரளாவில் கட்டட வேலை, மாதம் ஒரு தடவை வருவார். மகளுக்கு 2 வயது 4 மாதம். அம்மா, ஆச்சி, தா, வா என்று ஏழெட்டு வார்த்தைதான் பேசுகிறாள். வேலை ஓட வேண்டுமே என்று போனில் பாட்டுப் போட்டுக் கையில் கொடுத்துவிடுவேன். பாளையங்கோட்டையில் இருக்கும் நாத்தனார் மகன் இவளைவிட ஒரு மாதம் இளையவன். ப்ளே ஸ்கூல் போகிறான், கலர் பெயரெல்லாம் இங்கிலீஷில் சொல்கிறான். கோயில் கொடைக்கு எல்லாரும் கூடியிருந்தபோது ரெண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தையோ, "ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரரே அஞ்சு வயசுலதான் வாய் திறந்தாரு, திருச்செந்தூருக்குப் போயிட்டு வா, சரியாகிரும்" என்கிறார்கள். எங்கள் தெரு அங்கன்வாடியில் சோறு போடுவதோடு சரி என்று பேச்சு. கம்மலை அடகு வைத்து ப்ளே ஸ்கூலில் சேர்க்கட்டுமா?
– ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, கம்மல் காதிலேயே இருக்கட்டும். ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய, காசு கேட்காத வேலைகள் சில இருக்கின்றன. அதில் ஒன்று அவசரம்.

அவசரமானது உன் மகளின் காது. இரண்டு வயது முடிந்த பிள்ளை "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லையாவது சேர்த்துப் பேச வேண்டும். அவள் இன்னும் சேர்க்கவில்லை என்று உன் கடிதத்திலிருந்து தெரிகிறது. பயந்துவிடாதே. எத்தனையோ பிள்ளைகள் கொஞ்சம் பிந்திப் பேச ஆரம்பித்து, அப்புறம் வாய் ஓயாமல் பேசியிருக்கின்றன. ஆனாலும் காது கேட்கிறதா என்று பார்க்காமல் காத்திருக்கக் கூடாது. அரைகுறையாகக் கேட்கிற பிள்ளை நம் முகத்தையும் கையசைவையும் பார்த்தே நடந்துகொள்ளும், வீட்டில் யாருக்கும் சந்தேகம் தட்டாது. நான் அங்கன்வாடிகளுக்கு மேற்பார்வையாளராக இருந்த காலத்தில் ஒரு பையனுக்குக் காது மந்தம் என்பது ஒன்றாம் வகுப்பில்தான் தெரிந்தது. அதுவரை "என்ன அமைதியான பிள்ளை" என்று அவனை எல்லாரும் மெச்சினோம், நானும் மெச்சினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

அத்தை சொன்னதை நீ ஒதுக்க வேண்டாம். தாமிரபரணிக் கரையில் எத்தனையோ தாய்மாருக்கு அந்தக் கதைதான் தெம்பு. ஆனால் குமரகுருபரரின் அப்பா அம்மா தானாகச் சரியாகும் என்று வீட்டில் இருந்துவிடவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்குப் புறப்பட்டார்கள் என்றுதான் கதை சொல்கிறது. நீயும் புறப்படு. திருச்செந்தூருக்குப் போகலாம், அதற்கு முன்னால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கே பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துப் பயிற்சி கொடுக்க ஒரு மையம் இருக்கிறது. காது, கண், பேச்சு, நடை எல்லாம் பார்ப்பார்கள், காசு கிடையாது. தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள். நேராகப் போகத் தயக்கமாக இருந்தால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிச் சீட்டு வாங்கிப் போ. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை மருத்துவக் குழு வரும், அவர்களிடமும் காட்டலாம், ஆனால் அந்த நாளுக்காக நீ காத்திருக்க வேண்டாம். காதில் பெரிய குறை என்றே வைத்துக்கொள், ஆறு வயதுக்குள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், ஆபரேஷன் செய்து காதுக்குள் பொருத்திக் கேட்கவைக்கிற காக்ளியர் கருவியே வைக்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் வைக்கிறோமோ அவ்வளவுக்குப் பேச்சு தெளியும். காது நன்றாக இருந்து பேச்சு மட்டும் பிந்துகிறது என்றால் பயிற்சி போதும். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இந்த வேலையைப் பல வருஷமாகச் செய்கிறது. அவர்களுடைய பணியாளர்கள் கிராமங்களில் வீட்டுக்கே போய்த் தாய்க்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அடுத்தது போன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது இது: இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதற்கு மேல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிஞ்ச வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. போனில் பாட்டுக் கேட்டால் பிள்ளைக்குப் பேச்சு வரும் என்று நாம் நினைக்கிறோம். போன் ஓயாமல் பேசும், ஆனால் உன் மகள் "தா" என்றால் பதில் சொல்லாது. அந்தப் பதிலில்தான் பேச்சு வளர்கிறது.

ஆயிரம் பீடி சுற்றிச் சாயங்காலம் கடையில் கொண்டுபோய்ப் போட வேண்டியவளிடம் "பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடு" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உன் கைக்கு ஓய்வில்லை, ஆனால் வாய் சும்மாதானே இருக்கிறது. திண்ணையில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறீர்கள் இல்லையா, அந்தப் பேச்சுக்குள் இவளையும் இழுத்துவிடு. தெருவில் மாடு போனால் "மாடு போகுது பாரு" என்று காட்டு. அவள் "மா" என்றால் "ஆமா, செவலை மாடு, வயலுக்குப் போகுது" என்று ஒரு சொல் கூட்டிச் சொல். ஒன்று கேட்டால் உடனே நீயே பதில் சொல்லிவிடாதே. மனசுக்குள் ஐந்து வரை எண்ணிப் பொறு, அவள் வாய் திறக்க அவ்வளவு நேரம் வேண்டும். கட்டுக் கட்டி எண்ணும்போது சத்தமாக எண்ணு. ராத்திரி விளக்கணைத்தபின் இன்றைக்கு யார் வந்தார்கள், என்ன தின்றோம் என்று கதையாகச் சொல். நம் ஆச்சிமார் நிலாவைக் காட்டி, கை வீசச் சொல்லி, சாய்ந்தாடச் சொல்லி வளர்த்ததும் இப்படித்தான்.

இதனால் என்ன ஆகிவிடும் என்று உனக்குத் தோன்றும். 1980களில் ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரத்தில், ஏழைக் குடும்பங்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 9 மாதத்திலிருந்து 2 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அவர்களில் பாதிப்பேர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஒரு சுகாதாரப் பணியாளர் வந்தார். டீச்சர் இல்லை, சாதாரணப் பணியாளர்தான். ஒரு மணி நேரம் தாயையும் பிள்ளையையும் உட்காரவைத்து, பேசி விளையாடுவது எப்படி என்று காட்டிக்கொடுத்தார். விளையாட்டுச் சாமான் வீட்டில் கிடந்த டப்பாவிலும் துணியிலும் செய்ததுதான். இரண்டு வருஷம் இது நடந்தது. இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகள், அப்படி யாரும் வராத வீட்டுப் பிள்ளைகளைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். வளர்ச்சி குன்றாத மற்றப் பிள்ளைகளை எட்டியும் பிடித்துவிட்டார்கள். கொடையில் உன் மகளையும் நாத்தனார் மகனையும் பக்கத்தில் பார்த்து அழுதாயே, அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அந்தப் பையன் மேல் கோபம் வைக்காதே. கலர் பெயரை ஒப்பிக்கிறவன் "எனக்குப் பசிக்குது" என்று தானாகச் சொல்கிறானா என்றுதான் நான் பார்ப்பேன். தமிழில் நன்றாகப் பேச வந்த பிள்ளைக்கு இங்கிலீஷ் பின்னால் வரும்.

புகையிலை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். தூளும் சுளகும் அவள் கைக்கு எட்டக் கூடாது, சுற்றும்போது மடியில் வைக்கக் கூடாது, தூள் அவள் பக்கம் பறக்காதபடி காற்றுப் பார்த்து உட்கார். அவளைத் தூக்கும் முன்பும் ஊட்டும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவு. புகையிலையை வாயில் போட்டுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கு.

இப்போது அங்கன்வாடி. "சோறு போடுவதோடு சரி" என்கிறார்களே, அந்தச் சோறு சும்மா வந்ததில்லை. 1956இல் காமராஜர் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில், அன்றைக்கு அது நம் திருநெல்வேலி மாவட்டம். 1982இல் எம்.ஜி.ஆர் அதைச் சத்துணவாக விரித்தபோது அங்கன்வாடிக் குழந்தைகளுக்கும் சேர்த்தே அடுப்பு எரிந்தது. இரண்டு வயது முடிந்த உன் மகளுக்கு அங்கே சூடான சாப்பாடும் முட்டையும் உண்டு. அதைவிட முக்கியம், அவள் வயதுப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். பேசாத பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுகிற பிள்ளை உட்கார்ந்தாலே பாதி மருந்து.

குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே பணியாளர் சமையலையும் கவனித்து, பதிவும் போட்டு, பாட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கையில் கொஞ்சம் காசு வந்ததும் வீடுகள் முதலில் கைவிடுவது அங்கன்வாடியைத்தான். அப்புறம் அங்கே கேள்வி கேட்கிற ஆளும் குறைந்துபோகிறார்கள். ஆகவே நீ கேள். மாதா மாதம் எடை பார்த்தீர்களா, எடை அட்டையில் என் மகள் பச்சைக் கோட்டில் இருக்கிறாளா மஞ்சளுக்கு இறங்கிவிட்டாளா என்று கேள். இன்றைக்கு என்ன பாட்டுச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டு, வீட்டில் அதையே பாடு. உன்னோடு திண்ணையில் பீடி சுற்றும் தாய்மார் நாலு பேர் சேர்ந்து மாதம் ஒருநாள் போய் உட்கார்ந்தால் அந்த மையத்தின் முகமே மாறும். நான் வேலை பார்த்த ஊர்களில் அதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: முருங்கைக்கீரை, பருப்பு, உளுந்தங்களி, கிடைத்த நாளில் சாளை மீன் முள் எடுத்து. டீ மட்டும் கொடுக்காதே, சோற்றிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.

வீட்டுக்காரரிடமும் பேசு. தினமும் போனில் உன்னோடு பேசும்போது ஐந்து நிமிடம் மகளுக்கென்று வைக்கச் சொல். போன் அவள் கைக்கு வருவது அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் இருக்கட்டும், ஏனென்றால் அங்கே அவள் சொல்வதற்குப் பதில் சொல்ல அப்பா இருக்கிறார். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அம்பாசமுத்திரத்தில் இறங்கி மரச் செப்புச் சாமான் வாங்கிவரச் சொல். பெரிய உருப்படிகளாகப் பார்த்து எடுக்கட்டும், மூன்று வயது வரை வாய்க்குள் போகிற அளவில் எதுவும் வேண்டாம். நீ பீடி சுற்றும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி அவள் சோறாக்கட்டும், என்ன குழம்பு என்று நீ இங்கிருந்து கேள்.