காசு கொடுத்து அனுப்பிய ரப்பிஷ் யாருடையது?

கேள்வி: வில்லிவாக்கத்தில் என் மாமனார் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு (மர உத்திரங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மேல்தளம்) எங்களுடையது. ஒழுகிக்கொண்டே இருந்ததால் 2025 ஆகஸ்டில் மேல்தளத்தை இடித்துவிட்டுக் கான்கிரீட் போட்டோம். இடிப்புக் கூலியை மேஸ்திரிக்குத் தனியாகக் கொடுத்தேன். இடிபாட்டு ரப்பிஷை அள்ள அவரே ஒரு 407 (சிறிய லாரி) வண்டிக்காரரை அழைத்துவந்தார். லோடுக்கு 4,000 வீதம் 6 லோடுக்கு 24,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். “கார்ப்பரேஷன் யார்டில் கொட்டிவிடுகிறேன் அம்மா” என்றவர், கொரட்டூர் பக்கம் ஒருவருடைய காலி மனையில் கொட்டியிருக்கிறார். குவியலில் எங்கள் பழைய மீட்டர் பலகை கிடந்திருக்கிறது. அதில் பெயிண்டில் எழுதியிருந்த சர்வீஸ் நம்பரை வைத்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மாநகராட்சி 5,000 ரூபாய் அபராதம் போட்டிருக்கிறது. மனைக்காரர் 1,50,000 ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார், 15 நாள் கெடு. வண்டிக்காரர் போனை எடுப்பதில்லை. தேக்கு உத்திரங்களை மேஸ்திரி கொண்டுபோய்விட்டார். கேட்டால், பழைய மரம் மேஸ்திரிக்குத்தான், அதுதான் வழக்கம் என்கிறார். நான் கொட்டாத குப்பைக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, சென்னை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் “நான் கொட்டவில்லை” என்பது மாநகராட்சியிடம் எடுபடாது. மனைக்காரரிடம் ஓரளவுக்கு எடுபடும். வண்டிக்காரர்மேல் நீங்கள் தொடுக்கும் வழக்குக்கோ அதுதான் அஸ்திவாரம்.

முதலில் அபராதம். உங்கள் வேலை நடந்த சமயத்தில் நடப்பிலிருந்தவை 2016-ஆம் ஆண்டின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள். அவற்றின் 4-ஆவது விதி, கழிவை உண்டாக்கியவரே அதற்கு முதல் பொறுப்பு என்கிறது. அவர் அதைத் தன் வளாகத்துக்குள் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளாட்சியின் சேகரிப்பு மையத்திலோ அனுமதி பெற்ற மறுசுழற்சி ஆலையிலோ ஒப்படைக்க வேண்டும். நாளுக்கு 20 டன்னுக்கு மேலோ, ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன்னுக்கு மேலோ கழிவு வந்தால் கூடுதல் கடமைகள் உண்டு. உங்கள் 6 லோடு, வண்டிக்கு 3 டன் என்று வைத்தாலும் 18 டன்தான். அந்தக் கூடுதல் கடமைகள் உங்களுக்கு இல்லை. அடிப்படைப் பொறுப்பு மட்டும் உண்டு. 24,000 ரூபாய் கொடுத்ததால் அந்தப் பொறுப்பு வண்டியோடு போய்விடவில்லை.

சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இந்தக் கழிவை அரைத்து மணலாகவும் ஜல்லியாகவும் ஆக்கும் ஆலைகள் இருக்கின்றன. வண்டி அங்கே போயிருந்தால் எடைச் சீட்டு இருக்கும். “சீட்டைக் காட்டு, அப்புறம் பணம்” என்று முதல் லோடிலேயே கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என்னிடம் இப்படி வரும் எவரிடமும் அந்தச் சீட்டு இருப்பதில்லை. வாசலில் குவிந்து கிடப்பது போனால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

ஆகவே அபராதத்தைக் கட்டி ரசீதை வாங்கி வையுங்கள். அது வண்டிக்காரரிடம் வசூலிக்க வேண்டிய கணக்கில் சேரும்.

அடுத்து நோட்டீஸ். தனியாகத் தொழில் செய்யும் ஒப்பந்தக்காரர் செய்த தவறுக்கு, அவரை அமர்த்தியவர் பொதுவாகப் பொறுப்பாக மாட்டார். கொட்டியவர் வண்டிக்காரர், அங்கே கொட்டச் சொன்னது நீங்கள் அல்ல. ஆனால் சட்டம் உங்கள்மேல் சுமத்திய கடமையை இன்னொருவரிடம் தள்ளிவிட முடியாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடுவார். அந்த வாதத்துக்குப் பலம் உண்டு. அதே சமயம் 1,50,000 என்ற தொகைக்கு மனைக்காரர் கணக்குக் காட்டியாக வேண்டும். காலி மனையில் 6 லோடு செங்கல்லும் சுண்ணாம்பும் கிடந்தால், உண்மையான நஷ்டம் பெரும்பாலும் அதை அள்ளி அகற்றும் செலவுதான்.

அதனால் என் யோசனை இது: சும்மா இருக்காதீர்கள், சண்டைக்கும் போகாதீர்கள். “என் உரிமைகளுக்குப் பாதகமின்றி, என் செலவில் கழிவை அகற்றித் தருகிறேன், மனைக்குள் வர அனுமதியுங்கள்” என்று பதில் அனுப்புங்கள். தவறை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாமலிருக்க, ‘பாதகமின்றி’ என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். அனுமதி கொடுத்தால் பிரச்சினை அங்கேயே முடியக்கூடும். மறுத்துவிட்டு அவர் வழக்குப் போட்டால், அகற்ற முன்வந்தும் விடவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்ல உங்களிடம் காகிதம் இருக்கும். அகற்றுமுன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். இந்த முறை வண்டியை மாநகராட்சியின் 1913 எண்ணில் விசாரித்து ஏற்பாடு செய்து, எடைச் சீட்டையும் வாங்குங்கள்.

இனி வண்டிக்காரர். யார்டில் கொட்டுவதாகச் சொல்லிக் காசு வாங்கிவிட்டு வேறெங்கோ கொட்டியது சேவைக் குறைபாடு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் புகார்க் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 24,000 ரூபாய், அபராதம், மறுபடி அள்ளிய செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு எல்லாவற்றையும் கேளுங்கள். ஜிபே விவரத்தையும், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருந்தால் அதையும் அழித்துவிடாதீர்கள். போனையே மாற்றாமல் இருந்தால் இன்னும் நல்லது. தெருமுனைக் கடையின் கேமராவில் வண்டி நம்பர் பதிவாகியிருக்கிறதா என்று விசாரியுங்கள். இவ்வளவு நாளில் அழிந்திருக்கலாம், ஆனாலும் கேட்டுப் பாருங்கள். அழைத்துவந்தவர் என்ற முறையில் மேஸ்திரியையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். அவர் உள்ளே வந்தால்தான் வண்டிக்காரர் யார் என்பது வெளியே வரும்.

அப்புறம் மரம். கூலி வாங்காமல், “இடித்த மரத்தை எடுத்துக்கொள்கிறேன்” என்று பேசி இடிப்பதும் உண்டு. அப்படிப் பேசியிருந்தால் மரம் அவருடையது. நீங்களோ இடிப்புக் கூலியை முழுதாகக் கொடுத்திருக்கிறீர்கள். எனவே உத்திரம் ஒவ்வொன்றும் உங்கள் சொத்து. வழக்கம் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். மரத்தைத் திருப்பித் தரும்படி, அல்லது அதன் விலையைத் தரும்படி, முதலில் நோட்டீஸ் கொடுங்கள். பதில் இல்லையென்றால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவின்கீழ் நம்பிக்கை மோசடி என்று காவல் நிலையத்தில் புகார் கொடுக்க இடம் இருக்கிறது.

பழைய வீடுகளில் நடு உத்திரத்தில் ஊஞ்சல் கொக்கி இருக்குமே, உங்கள் வீட்டில் இருந்ததா? விசேஷங்களில் கூடத்தில் எடுத்த போட்டோக்களைத் தேடுங்கள். மேலே உத்திரமும் கொக்கியும் தெரியும் படம் ஒன்று கிடைத்தாலும் அதை மேஸ்திரிக்கு அனுப்பும் நோட்டீஸோடு இணையுங்கள். அந்த நோட்டீஸையும் மனைக்காரருக்கான பதிலையும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம். பதில் மட்டும் கெடு முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.