மோனோபோலியில் நான்கு ரயில் பாதைகளையும் வாங்குவது புத்திசாலித்தனமா? எதை முதலில் வாங்க வேண்டும்?

கேட்டவர் ரயில் பாதைகளை வாங்கித் தோற்றவராகத்தான் இருப்பார். வீட்டில் யாராவது சிரித்திருப்பார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வாங்குங்கள். ஆனால் இரண்டோடு நின்றுவிடுவதாக இருந்தால் பெரிய லாபம் எதிர்பார்க்காதீர்கள். ரெடிங், பென்சில்வேனியா, பி அண்ட் ஓ, ஷார்ட் லைன் என்ற நான்கும் தலா 200 டாலர். ஒன்று மட்டும் கையில் இருந்தால் வாடகை 25, இரண்டு இருந்தால் 50, மூன்றுக்கு 100, நான்குக்கு 200. ஒன்றோ இரண்டோ வைத்திருந்தால் போட்ட முதல் திரும்ப மற்றவர்கள் எட்டு முறை வந்து மிதிக்க வேண்டும். நான்கும் இருந்தால் நான்கே முறை. மூன்றாவதிலும் நான்காவதிலும்தான் பணம் இருக்கிறது.

எதை முதலில் என்றால், பி அண்ட் ஓ. சிறையிலிருந்து அது பதினைந்தாவது கட்டம். வெளியே வருபவர் இரண்டு முறை பகடை உருட்டினால் ஏறக்குறைய அங்கேதான் போய் நிற்பார். ‘அருகிலுள்ள ரயில் பாதைக்குச் செல்லவும், இரட்டிப்பு வாடகை தரவும்’ என்று சான்ஸ் அட்டைகள் இரண்டு உண்டு. நின்றால் அந்த அட்டை எடுக்க வேண்டிய சான்ஸ் கட்டங்கள் பலகையில் மூன்று. அங்கிருந்து முன்னோக்கி எண்ணிப் பாருங்கள்: முதல் கட்டம் பென்சில்வேனியாவுக்கும், இரண்டாவது பி அண்ட் ஓவுக்கும், மூன்றாவது ரெடிங்குக்கும் அனுப்பும். ரெடிங்குக்கென்று தனியாக இன்னோர் அட்டையும் இருக்கிறது. ஷார்ட் லைனுக்கு மட்டும் எந்த அட்டையும் ஆள் அனுப்பாது. பகடை தானாகக் கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. ஆகவே அதற்குக் கடைசி இடம். (நான் சொல்வது அட்லாண்டிக் சிட்டி தெருக்கள் உள்ள அமெரிக்கப் பலகை. லண்டன் பலகை வைத்திருப்பவர்கள் தங்கள் அட்டைகளைப் பார்த்துக்கொள்ளவும், என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.)

இனி என் கதை. நியூ ஜெர்சியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது பனி கொட்டியது, இரண்டு நாள் வெளியே போக முடியவில்லை. அண்ணன், அண்ணி, அவர்களுடைய பதினொரு வயது மகன், நான். பழைய பெட்டி என்பதால் காய்களில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. கேட்காமலேயே அதை என் பக்கம் தள்ளினார்கள். கார் அண்ணனுக்கு. வங்கியும் அவரிடம்தான்.

முதல் உருட்டலிலேயே ஐந்து விழுந்து ரெடிங்கை வாங்கினேன். “ரயிலில் வீடு கட்டிக் குடியிருக்கப் போகிறாயா?” என்றார் அண்ணன். பிறகு பென்சில்வேனியா கிடைத்தது. ஷார்ட் லைனைப் பையனிடமிருந்து 350 கொடுத்து வாங்கினேன். அதிகம்தான், தெரிந்தே கொடுத்தேன். பி அண்ட் ஓ அண்ணன் கையில் இருந்தது. அதற்குப் பதிலாக, ஆரஞ்சு நிறத் தெருக்களில் ஒன்றான என் டென்னஸி அவென்யூவைக் கேட்டார். பேரமே பேசவில்லை, ஒரு டாலர்கூடச் சேர்த்துக் கேட்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அரை மணி நேரம் நான்தான் ராணி. பையன் இரண்டாவது சான்ஸ் கட்டத்தில் நின்று அட்டையை எடுத்துப் படித்துவிட்டு, 400 டாலரை ஒவ்வொரு தாளாக எண்ணி வைத்தான். அவன் கண்ணில் நீர் தளும்பியது. பொதுப்பெட்டி (கம்யூனிட்டி செஸ்ட்) அட்டை ஒன்று வீடுகளுக்குப் பழுதுபார்க்கும் செலவு கேட்டது. என்னிடம்தான் வீடே இல்லையே, ஒரு காசு தரவில்லை.

ஆனால் டென்னஸியோடு ஆரஞ்சு நிறத் தெருக்கள் மூன்றும் அண்ணனுக்குச் சேர்ந்துவிட்டன. வீடு ஒன்றுக்கு 100 டாலர் வீதம் மூன்று மூன்றாக ஒன்பது வீடுகள் கட்டினார். நான் சிறையிலிருந்து வெளியே வந்தேன், எட்டு விழுந்தது. டென்னஸி. நான் கொடுத்த டென்னஸி! வாடகை 550. அடுத்த சுற்றில் நியூயார்க் அவென்யூவில் 600. ரயில் பாதைகள் நான்கையும் தலா 100 டாலருக்கு அடமானம் வைத்தும் போதவில்லை.

“ரயிலை நம்பினால் இப்படித்தான்” என்று அண்ணி சிரித்தார். ரயில் என்ன செய்யும்? கடைசி வரை வாடகை வந்துகொண்டுதான் இருந்தது. எதைக் கொடுத்து அதை வாங்கினேன் என்பதில்தான் கோட்டை விட்டேன். வீடு கட்ட முடியாததால் ரயில் வாடகை 200க்கு மேல் ஏறாது. எதிராளியிடம் ஒரே நிறத் தெருக்கள் முழுமையாகச் சேராமல் இருக்கும் வரைதான் அது பெரிய தொகை. பணம் தருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும், டென்னஸியைத் தொடவிட்டிருக்கக் கூடாது. ‘அதிர்ஷ்டம் கெட்டுவிட்டது, அவ்வளவுதான்’ என்று சிலர் எழுதுவார்கள். சிறையிலிருந்து ஆறு, எட்டு, ஒன்பதாவது கட்டங்களில் ஆரஞ்சு உட்கார்ந்திருக்கிறது. அந்த எண்கள் விழுவதற்கு அதிர்ஷ்டம் தேவையில்லை.

ஊரில் அப்பாவின் மனையை விற்றபோதும் இதே கதைதான். விலை பேசி முன்பணமும் வாங்கிய பிறகுதான், கையெழுத்துக்காக என்னைக் கூப்பிட்டார்கள். அப்போதும் அண்ணன் குரலில் அதே அவசரம், அதே இனிப்பு. இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கும் தெரியும்.

2013ல் இஸ்திரிப் பெட்டிக் காயையே எடுத்துவிட்டுப் பூனையைக் கொண்டுவந்தார்கள். அண்ணன் வீட்டில் இன்னும் பழைய பெட்டிதான் இருக்கிறது. அடுத்த முறை வங்கி என்னிடம் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். இஸ்திரிப் பெட்டி அவருக்கு.